வலைக்காரி வேண்டுமா, வேண்டாமா?

அன்று சனிக்கிழமை காலை அந்த வீட்டில் எல்லாரும் அளவுக்கு மீறி நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். ஏதோ சரியில்லை என்பதற்கு வேறு அத்தாட்சியே வேண்டாம்.

மகன் யாரும் சொல்லாமலே டீ போட்டான். மருமகள் அதைக் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றாள். துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வந்த மாமியார், செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்தார். கடையிலிருந்து வந்த நாளைத் தவிர, அந்தச் செருப்புகள் ஒன்றையொன்று பக்கத்தில் பார்த்ததே இல்லை.

போன வாரம் கூடவே இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்கள் சற்று இப்படி உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வீட்டு மருமகள் வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வார இறுதியில், நகரத்து 'மேடை' போட்டிகளுக்கு அவள்தான் தலைமை நடுவர். 'மேடை' என்பது திரையில் இரண்டு பேர் மோதும் விளையாட்டு. கொல்லன், ஓடக்காரன், கத்திக்காரன், கரடி என்று ஏகப்பட்ட பாத்திரங்கள். ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்து, அதை நகர்த்தும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு மோத வேண்டும். சட்டத்தில் ஒரு மயிரிழை விலகினாலும் விடமாட்டாள் என்பதால் ஆட்டக்காரர்கள் அவளுக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சனி, ஞாயிறு வந்தால் மைக்கைப் பிடித்து அதே போட்டிகளுக்கு வர்ணனை செய்வான். தன் வர்ணனையைக் கேட்டு மயங்கித்தான் அவள் கழுத்தை நீட்டினாள் என்பது அவன் கட்சி. காது வலி தாங்காமல் சம்மதித்தேன் என்பது அவள் கட்சி.

மாமியார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மகன் மறந்து வைத்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க ஒரு நாள் விளையாட்டுக் கூடத்துக்கு வந்தவர், காலியாக இருந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. 'கிரேன் அம்மா' என்றால் கூடத்தில் தெரியாதவர் கிடையாது.

இந்த நிலையில்தான் விளையாட்டின் புது அப்டேட்டில் வலைக்காரி வந்து சேர்ந்தாள்.

கையில் ஒரு வலை. தூர நின்று வீசுவாள். மாட்டினால் தரதரவென்று மூலைக்கு இழுத்துப் போவாள். எழுந்திருப்பதற்குள் அடுத்த வலை விழும். வந்து இரண்டு மாதத்தில் கொல்லனையும் கரடியையும் எடுப்பார் இல்லை. நாளை நடக்கப்போகும் இறுதிச்சுற்றுக்குத் தேர்வான எட்டுப் பேரில் ஆறு பேர் வலைக்காரியைத்தான் ஆடுகிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர், நம் கிரேன் அம்மா.

வலைக்காரியைத் தடை செய்ய வேண்டுமா என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு. போன வாரம் ஒருவர் வேண்டும் என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். மூன்றாவது ஓட்டு மருமகளுடையது. அது இன்று மத்தியானம்.

டீயை ஏன் எல்லாரும் அவ்வளவு மரியாதையாகக் குடித்தார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

---

"இன்னிக்கு உனக்கு ஏதோ மீட்டிங்காமே?" என்று ஆரம்பித்தார் மாமியார், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"ஆமா அத்தை."

"என்ன மீட்டிங்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பாட்டுக்குப் பெட்டி தூக்கி வைக்கறவ." வெண்ணெய் ரொட்டியின் ஓரம்வரை போய், அதற்கு மேலும் போயிற்று. "ஒரு விஷயம் கேக்கறேன். துறைமுகத்துல ஒரு கிரேன் மத்ததை விட வேகமா வேலை செஞ்சா, அதை ஓட்டக்கூடாதுன்னு சொல்லுவாங்களா?"

"அந்த கிரேன் மத்த எல்லா கிரேனையும் தூக்கிக் கடல்ல போட்டா சொல்லுவாங்க அத்தை."

மகன் டீயைத் தவறான வழியில் விழுங்கிவிட்டு இருமினான். அம்மா அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். தேவைக்குக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

"நீ என்னடா சொல்றே?"

"நான் வர்ணனைதாம்மா. தீர்ப்பு சொல்றதில்லை." அவன் கோப்பையோடு நழுவப் பார்த்தான்.

"உட்காரு!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். உட்கார்ந்தான்.

மாமியார் ரொட்டியைக் கீழே வைத்தார். குரல் இறங்கியது.

"கூடத்துல பேசிக்கறாங்க. கிரேன் அம்மாவா ஜெயிக்கறாங்க, வலைக்காரிதானே ஜெயிக்கறான்னு. காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். நீயும் அப்படித்தான் நினைக்கறியா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் மருமகள் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். கணவன் இறந்த பிறகு வேலை, வீடு, தூக்கம் என்று மூன்றே அறைக்குள் சுருண்டு கிடந்த மனுஷி இவர். ஆட ஆரம்பித்த இந்த ஒரு வருஷமாகத்தான் வீட்டில் பாட்டும் சிரிப்பும் கேட்கிறது. அந்தச் சிரிப்புக்கு எதிராகவா ஓட்டுப் போடுவது? அதே சமயம், அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"தெரியல அத்தை" என்றாள்.

"தெரியாமலா ஓட்டுப் போடப் போறே?"

சுருக்கென்றது. தைத்த இடம் சரியான இடம் என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது.

கடையில் அவள் நாள் முழுக்கச் செய்வது ஒரே ஒரு வேலைதான். நாற்காலியில் இருப்பவரின் கண் முன்னால் ஒரு கண்ணாடியை வைப்பாள், எடுப்பாள், இன்னொன்றை வைப்பாள். "இது தெளிவா, அது தெளிவா?" ஆள் அதேதான், கண்ணாடிதான் மாறும். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

"அத்தை, தூக்கம் வருதா?"

"ஏன்?"

"ஒரு நாலு ஆட்டம். இடம் மாத்தி ஆடிப் பார்ப்போம். வலைக்காரியை நான் எடுத்துக்கறேன். நீங்க வேற யாரையாவது எடுங்க."

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? நடுவரான நாள்லேருந்து நீ ஸ்டிக்கையே தொட்டதில்லையேம்மா."

"அதனாலதான்."

---

வீட்டு முன்னறை சோபாவை இழுத்துப் போட்டார்கள். மாமியார் யோசிக்காமல் ஓடக்காரனைத் தேர்ந்தெடுத்தார். வலைக்காரி வருவதற்கு முன்னால் அவருக்குச் செல்லப்பிள்ளை அவன்தான். கையில் நீளத் துடுப்பு, நடையில் அன்னம். அவசரம் என்ற வார்த்தையைக் கேள்விப்படாதவன். ஆனால் மாமியார் கையில் இருக்கும்போது அந்தத் துடுப்பு எப்போது விழும் என்று எதிராளிக்குத் தெரியாது.

மருமகளுக்கு எந்தப் பட்டன் எதற்கு என்றே பாதி மறந்திருந்தது. முதல் ஆட்டத்தில் வலைக்காரி தானாகவே இரண்டு முறை குதித்தாள், ஒரு முறை சுவரைப் பார்த்து வணக்கம் வைத்தாள்.

"அடடா, அரங்கத்தில் என்ன ஒரு பணிவு!" என்று மகன் சமையலறைக் கரண்டியை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு வர்ணனையைத் தொடங்கினான். "ஓடக்காரர் நெருங்குகிறார். துடுப்பு உயர்கிறது. விசில் அவர்களின் விரல்கள் எங்கே போவதென்று தெரியாமல் திண்டாடுகின்றன. ஆனால், இதோ... வலை!"

வலை விழுந்தது. ஓடக்காரன் மூலைக்குப் போனான். எழப் போனான், இன்னொரு வலை. எழப் போனான், இன்னொன்று.

ஆட்டம் முடிந்தது.

"கண் அசந்துட்டேன்" என்றார் மாமியார். "இன்னொண்ணு."

இன்னொன்றும் போயிற்று. மூன்றாவதில் மாமியார் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. ஓடக்காரன் தன் வாழ்நாளிலேயே இவ்வளவு வேகமாக நடந்ததில்லை. மருமகள் வீசிய வலைகளில் பாதி வெறும் தரையைத்தான் பிடித்தது. ஆனால் மீதி பாதியில் ஒன்று பட்டால் போதுமே!

நான்காவதும் போயிற்று.

திரையில் வலைக்காரி கையை உயர்த்திச் சுழன்றுகொண்டிருந்தாள். மாமியார் ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள்கள் லேசாகக் குலுங்கின. அழுகிறாரோ என்று மருமகள் பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள்.

மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"துடைப்பத்தைப் பிடிக்கற மாதிரி ஸ்டிக்கைப் பிடிச்சிருக்கே! அப்படிப் பிடிச்சே என்னைச் சுருட்டி மூலையில சாத்திட்டியே! இவ்வளவுதானா? இதுக்கா நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் தெருவுல நடந்தேன்?"

மருமகளுக்கும் சிரிப்பு பீறிட்டது. மகன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் ஓய்ந்து மூச்சு வாங்கியபோது, மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?"

"அதுல பாதி உங்களோடது அத்தை. நிச்சயமா."

"எந்தப் பாதி?"

மருமகள் குனிந்து கரண்டியைப் பொறுக்கி எடுத்தாள்.

---

விளையாட்டுக் கூடம் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அதனால் கீழே யாராவது மெத்தையின் மேல் குதித்துப் பார்த்தால் மேலே உற்சாகம் வரும் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. அன்று கீழே யாரும் குதிக்காமலேயே மேலே கூட்டம் நெரிந்தது. திரைகளையெல்லாம் அணைத்துவிட்டு, நடுவில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள்.

மேஜைக்கு ஒரு பக்கம் கூடத்துக்காரர், இடத்தின் சொந்தக்காரர். தடை வேண்டும் என்றவர் அவர்தான். மறுபக்கம் பல் டாக்டர். கத்திக்காரனை ஆடுவதில் கெட்டிக்காரப் பெண்மணி. தடை வேண்டாம் என்பவர். நடுவில் மருமகள்.

"எல்லா ஆட்டமும் ஒரே ஆட்டம் மாதிரி இருக்கு" என்றார் கூடத்துக்காரர். "பார்க்க வர்றவங்க பாதியில எழுந்து போறாங்க. வலை, மூலை, வலை, மூலை. மீன் மார்க்கெட்டுக்குப் போனா இதைவிட நல்லா பார்க்கலாம்."

கூட்டம் கைதட்டியது.

"வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னதும் நான் பல்லைப் பிடுங்கறதில்லை" என்றார் பல் டாக்டர். "முதல்ல பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், காத்திருப்பேன். கத்திக்காரன் வந்த புதுசுல அவனையும் தடை பண்ணணும்னு கத்தினீங்க. அப்புறம் குனிஞ்சா போதும்னு கண்டுபிடிச்சீங்க. இன்னிக்கு அவனை யாராவது மதிக்கிறீங்களா? என்னைத் தவிர!"

அதற்கும் கைதட்டினார்கள். நல்ல கூட்டம். யார் நன்றாகப் பேசினாலும் கைதட்டும்.

மருமகள் எழுந்தாள். முன்வரிசையில் மாமியார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பேச முயன்றாள்.

"ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். வலைக்காரியை ஆடறவங்கள்ல ஒருத்தர் என் மாமியார். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. இன்னிக்குக் காலையில நான் வலைக்காரியை எடுத்தேன், அவங்க ஓடக்காரனை எடுத்தாங்க. வருஷக்கணக்கா ஸ்டிக்கைத் தொடாதவ நான். நாலு ஆட்டத்துலயும் நான்தான் ஜெயிச்சேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கிரேன் அம்மாவின் ஓடக்காரனை எதிர்த்து ஆடித் தோற்றவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள்.

"டாக்டர் சொன்னது எனக்குப் புரியுது. கஷ்டமா இருக்குங்கறதுக்காகத் தடை போடக்கூடாது. பதிலே இல்லைன்னாதான் போடணும். அதனால உங்களையே கேக்கறேன். வலை மேல விழுந்தாச்சு. இழுக்கறா. இப்ப எதிராளி என்ன பண்ணலாம்? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, நான் தடை வேண்டாம்னு ஓட்டுப் போடறேன்."

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்.

"வேண்டிக்கலாம்" என்றார் பின்னால் ஒருவர். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அப்போ என் ஓட்டு தடைக்கு. விளையாட்டைச் செய்யறவங்க அவளைச் சரி பண்ணி அனுப்பற வரைக்கும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா நாளைக்கு இல்லை. எல்லாரும் இறுதிச்சுற்றுக்குத் தயாராகி நிக்கறப்ப ராத்திரியோட ராத்திரியா சட்டத்தை மாத்த முடியாது. அடுத்த போட்டியிலேருந்து."

"மாமியாருக்காகத் தள்ளிப் போடறாங்கப்பா!"

யாரோ கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினார்கள். வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். மருமகளின் காது மடல் சூடாகியது. ஆனால் அவள் குரல் அசையவில்லை.

"இறுதிச்சுற்று ஆடற எட்டுப் பேரும் மனசார ஒத்துக்கிட்டா நாளைக்கே தடை. ஒருத்தர் வேண்டாம்னாலும் கிடையாது. அவங்களையே கேட்டுடுவோம்."

கைப்பை மூடும் 'டிக்' என்ற சத்தம் கேட்டது. மாமியார் எழுந்து நின்றிருந்தார்.

"மத்தவங்க ஒத்துக்கட்டும், ஒத்துக்காம போகட்டும்" என்றார். கப்பல் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை. "நாளைக்கு நான் வலைக்காரியைத் தொடமாட்டேன். ஓடக்காரனைத்தான் எடுப்பேன். இப்ப சொன்ன மகராசன் யாரு? நாளைக்கு முன்வரிசையில வந்து உட்காரு, நல்லாத் தெரியும்."

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. கீழே மெத்தைக் கடையில் என்ன நினைத்தார்களோ!

"அவளைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வருது. ஒத்துக்கறேன்!" என்று நீச்சல் மாஸ்டர் கையைத் தூக்கினார். பேக்கரிக்காரி ஒத்துக்கொண்டாள். அவளோடு எப்போதும் எதற்கும் சண்டை போடும் அவள் தம்பியும் ஒத்துக்கொண்டான்; அதுதான் அன்றைக்கு நடந்த பெரிய அதிசயம் என்று பலர் சொன்னார்கள். ஒவ்வொருவராக ஏழு கை.

எட்டாவது, தபால்காரர். அவர் வேலையில் இருந்தார். சாயங்காலம் பதில் சொல்வதாகத் தகவல் வந்தது.

நாளை முதல் ஆட்டத்தில் கிரேன் அம்மாவை எதிர்த்து ஆடப்போகிறவர் அவர்தான்.

---

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்தை மாமியார் எடுத்துக்கொண்டார். அதில் எப்போதும் விட்டுக்கொடுப்பதில்லை.

"என் மேல கோபமா அத்தை?"

"எதுக்கு?"

"உங்களுக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டேன்."

"எனக்கு எதிராவா? அந்த வலைக்காரி என்ன, என் வயித்துல பொறந்தவளா?"

மருமகள் சிரித்தாள். சிரித்துவிட்டு, மனதில் இருந்ததைக் கேட்டாள். "ஏன் அப்படி வாக்குக் கொடுத்தீங்க? தபால்காரர் ஒத்துக்கலைன்னா அவர் வலைக்காரியோட வருவாரு. நீங்க ஓடக்காரனோட போய் நிக்கணும்."

மாமியார் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "என் மருமக நேர்மையைப் பத்தி ஒருத்தன் வாய்க்கு வந்ததைச் சொல்றான். அதைக் கேட்டுக்கிட்டுக் கைப்பையோட உட்கார்ந்திருக்க நான் என்ன பொம்மையா?"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே வந்த தூசிதான் காரணம் என்று வைத்துக்கொண்டாள்.

"அதோட," என்று மாமியார் திரும்பினார், "எந்தப் பாதி என்னோடதுன்னு எனக்கும் பார்க்கணுமே!"

---

தபால்காரரின் பதில், விளக்கு வைக்கும் நேரத்தில் மருமகளின் போனுக்குக் குரல் செய்தியாக வந்தது. மூன்று பேரும் சேர்ந்து கேட்டார்கள். அவர் குரலில் கொஞ்சமும் கடுமை இல்லை.

"விசில் மேடம், தடை போட்டது நல்லதுதான். அடுத்த தடவை நானே முதல் ஆளா கை தூக்குவேன். ஆனா தினம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எழுந்து உட்கார்ந்து வலைக்காரியைத்தான் பழகியிருக்கேன். வேற யாரையும் ஆட எனக்குத் தெரியாது. அதனால நாளைக்கு மட்டும் நான் ஒத்துக்க முடியாது. மன்னிச்சுக்கோங்க. கிரேன் அம்மாகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க."

"தங்கமான மனுஷன்" என்றார் மாமியார்.

"நாளைக்கு உங்களை மூலையில வச்சுச் சாத்தப்போற தங்கமான மனுஷன்" என்றான் மகன்.

"அம்மா, நீங்களும் வலைக்காரியை எடுக்கலாம். சட்டப்படி தடை இல்லை" என்று மருமகள் சொன்னாள். பதற்றத்தில் 'அத்தை' என்பது 'அம்மா' ஆகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. மாமியார் கவனித்தார். காட்டிக்கொள்ளவில்லை.

"சொன்னது சொன்னதுதான். டேய், வா இங்கே. வலைக்காரியை எடு. என்னை அடி."

"நான் கலந்துக்கக்கூடாது" என்று மருமகள் எழுந்தாள். "நாளைக்கு நான் நடுவர்."

"பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறதுக்கு எந்தச் சட்டத்துல தடை?"

மருமகள் சட்டத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். இல்லைதான். உட்கார்ந்தாள்.

மகன் ஆடுவதில் சுமார். ஆனால் ஆடும்போதும் வர்ணனையை நிறுத்தமாட்டான். "பெற்ற தாயென்றும் பாராமல் வலையை வீசுகிறான் இந்த மாவீரன்! இதோ இழுக்கிறான்! சின்ன வயதில் கணக்குப் பாடத்துக்கு வாங்கிய அடிக்கெல்லாம் இன்று வட்டியும் முதலுமாக..." தலையில் ஒரு குட்டு விழுந்தது. வர்ணனை நின்றது. ஆட்டத்தில் அவன்தான் ஜெயித்தான்.

ஆட்டத்துக்கு மேல் ஆட்டம். ஓடக்காரன் ஓயாமல் மூலைக்குப் போனான். நடுவே நூடுல்ஸ் வந்தது, ஆறியது, ஆறியதையே சாப்பிட்டார்கள். மாமியார் தோற்கத் தோற்க உற்சாகமானார். வலை விழுவதற்கு முன்னால் இரண்டு அடி கூடுதலாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். ஒரு ஆட்டத்தில் மயிரிழையில் தோற்றபோது, ஜெயித்த மகனைவிட அதிகமாகக் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். மாமியார் பதிலுக்குத் தட்டினார்.

அடுத்த ஆட்டம். வலை விழுந்தது. மகன் இழுக்க ஆரம்பித்தான். ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துத் திமிறுவதுதான் எல்லாரும் செய்வது. மாமியாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் அவருக்குத் தும்மல் வந்தது.

சாதாரணத் தும்மல் இல்லை. துறைமுகத்துத் தும்மல். உடம்பே முன்னால் போய்விட்டு வந்தது. கையும் கூடவே போய், ஸ்டிக் வலைக்காரியின் பக்கமே சாய்ந்தது.

திரையில் ஓடக்காரன் வழுக்கிக்கொண்டு நேரே போனான். வலைக்காரியைத் தாண்டினான். அவள் முதுகுக்குப் பின்னால் போய் எழுந்து நின்றான். வலை காலியாகத் தரையில் கிடந்தது.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள்.

"அத்தை," என்றாள் மருமகள், "இப்ப என்ன பண்ணீங்க?"

"தும்மினேன்."

"இல்லை, கையை என்ன பண்ணீங்க?"

"கையோட சேர்த்துத்தான் தும்மினேன்!"

"இன்னொரு தடவை தும்மும்மா" என்றான் மகன்.

அடக்க முடியாத சிரிப்போடு மாமியார் பொய்த் தும்மல் தும்மிப் பார்த்தார். வேலைக்கு ஆகவில்லை. வலை, மூலை. தும்மாமல் ஸ்டிக்கை மட்டும் தள்ளிப் பார்த்தார். கொஞ்சம் முந்திவிட்டது. மறுபடி கொஞ்சம் பிந்திவிட்டது. சிரிப்பு நின்றது. நாக்கு நுனி உதட்டோரம் வந்தது. வலை விழுந்தது. இழுப்பு தொடங்கும் அந்தக் கணத்தில், இழுக்கிற பக்கமே ஸ்டிக்கைச் சாய்த்தார்.

ஓடக்காரன் வழுக்கினான், தாண்டினான், எழுந்தான். துடுப்பு உயர்ந்தது. வலைக்காரியின் முதுகில் நிதானமாக இறங்கியது.

மகன் கையிலிருந்த ஸ்டிக்கை மேஜையில் வைத்தான். அவனுக்கு வர்ணனையே வரவில்லை. அந்த வீட்டுச் சரித்திரத்தில் அது முதல் தடவை.

மருமகள் சோபாவிலிருந்து எழுந்துவிட்டாள். பதில் இருக்கிறது. கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, பதிலே இல்லை என்று சொல்லி மத்தியானம் அவள் போட்ட தடை இது. பதில் இதோ, தும்மல் வழியாக வந்து கண் முன்னால் நிற்கிறது. கூடத்துக்காரருக்குச் சொல்ல வேண்டும், பல் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் தபால்காரரும் விடிவதற்குள் தெரிந்துகொள்வார். சொல்லாவிட்டால், நாளைக்கு அவருக்கு எதிரே ஓடக்காரனோடு உட்காரப்போகிற அத்தையிடம் மட்டும்...

மாமியார் அவள் முகத்தில் ஓடியதையெல்லாம் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணில் சிரிப்பு இன்னும் வடியவில்லை.

"பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் அத்தை."

"நடுவரா பார்த்தியா, மருமகளா பார்த்தியா?"